காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி: எம்.ஆர்.ஐ.யா, பயாப்சியா, ஸ்டீராய்டா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடை வைத்திருப்பதால் அடுத்தவர் வீட்டு மருத்துவ ஃபைல்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். மருந்து வாங்க வருகிறவர்கள், "அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று பிரித்து வைத்துவிடுவார்கள். அவற்றில் ஒரு வகை ஃபைல் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்லும். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன். நான்கைந்து நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட கையோடு நெஞ்சுவலி. ஈ.சி.ஜி.யில் மாற்றம், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதத்தில் ஏற்றம். மாரடைப்போ என்று பயந்து ஆஞ்சியோ எடுத்தால் ரத்தக் குழாய்களில் அடைப்பே இல்லை. கடைசிப் பக்கத்தில் 'மயோகார்டைட்டிஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இதயத் தசையில் ஏற்படும் அழற்சிதான் அது. பெரும்பாலும் வைரஸ் வேலை: காக்சாக்கி, அடினோ, பார்வோ பி19, இன்ஃப்ளூயன்சா, கோவிட் என்று பட்டியல் நீளும். வைரஸ் நேரடியாகத் தசையைக் கெடுப்பது ஒரு பங்கு. அதை விரட்ட வரும் நம்முடைய எதிர்ப்புச் செல்கள் தசையையும் சேர்த்து அடிப்பது இன்னொரு பங்கு. மருந்து விஷயத்தில் நடக்கும் அத்தனை வாக்குவாதமும் இந்த இரண்டாவது பங்கைப் பற்றியதுதான்.

கேள்விக்குறி போட்ட ஃபைல் வீட்டுக்கு வந்ததும் மூன்று கட்சி உருவாகிவிடும். சென்னைக்குப் போய் கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் தெளிவாகிவிடும் என்பது மாமா கட்சி. நேரே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்பது அப்பா கட்சி. யாருக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டதும் மறுநாளே எழுந்து உட்கார்ந்தாராம், அதையே போடச் சொல்லுங்கள் என்பது தெருக் கட்சி. மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றையும் எடைபோடும் முன் ஃபைலில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: இது சிக்கல் இல்லாத வகையா, சிக்கலான வகையா? எந்த ஊர், எந்தப் பரிசோதனை, எந்த மருந்து என்ற மூன்று கேள்விக்கும் பாதை அங்கேதான் பிரிகிறது.

பம்பிங் எவ்வளவு?

இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் இந்த நோயோடு மருத்துவமனைக்கு வந்த 443 பேரைப் பற்றிய ஆய்வு 2018-இல் வெளியானது. சேரும்போதே இதயத்தின் பம்பிங் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்கள், ஆபத்தான துடிப்புக் கோளாறு நீடித்தவர்கள், இதயம் போதிய ரத்தம் தள்ளாமல் உடல் துவண்டு போனவர்கள் ஆகியோரை ஒரு பிரிவாக ஒதுக்கினார்கள். மொத்தத்தில் அவர்கள் 26.6 சதவீதம். ஏழாண்டுக் கணக்கில் அந்தப் பிரிவில் இதயக் காரணத்தால் இறந்தவர்களும் மாற்று இதயம் பொருத்த வேண்டிவந்தவர்களும் சேர்ந்து 14.7 சதவீதம். மற்ற பிரிவில் பூஜ்யம். மருத்துவ ஆய்வுகளில் பூஜ்யம் என்ற எண்ணை அடிக்கடி பார்க்க முடியாது. எனக்கு அந்த அட்டவணை மறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஊருக்குப் போக வேண்டியதில்லை. எக்கோ, ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், மானிட்டர் நான்கும் கடலூரிலேயே இருக்கின்றன. எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று போட்டு ஒரு சதவீதம் எழுதியிருப்பார்கள். அதுதான் நாம் பேச்சில் பம்பிங் என்று சொல்வது. 60 என்றிருந்தால் மூச்சு விடலாம். 35 என்றிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு வண்டி ஏற்பாடு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். முதல் நாள் எக்கோ நன்றாக இருந்ததால் இரண்டாம் நாளும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2013 அறிக்கை தரும் கணக்கு இது: ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் 2 முதல் 4 வாரங்களில் சரியாகிவிடுகிறது. கால் பங்கினருக்குப் பம்பிங் குறைவு தங்கிவிடுகிறது. 12 முதல் 25 சதவீதம் பேர் திடீரென்று மோசமாகிறார்கள். யார் எந்தப் பங்கில் விழுவார் என்பது முதல் சில நாட்களில்தான் தெரியவரும். வலி நின்றுவிட்டது, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மானிட்டர் மாட்டிய கட்டிலில் இரண்டு மூன்று நாள் கிடப்பதற்கு ஆகும் செலவு, பின்னால் நிலைமை மோசமானால் ஆகும் செலவைவிடக் குறைவு.

எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் அக்குள்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே இந்த நோய் என்றாலே வைரஸ், வைரஸுக்கு நேரடி மருந்து குறைவு, ஆகவே ஓய்வு என்று வாதம் நகர்ந்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி வரும் காய்ச்சல்களில் டெங்கு, எலிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றும் கலந்து வருகின்றன. மூன்றுமே இதயத் தசையைத் தொடக்கூடியவை. பின்னிரண்டும் பாக்டீரியா, அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

ஸ்க்ரப் டைஃபஸ் புதர் மண்டிய இடங்களில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கும். எல்லாருக்கும் இருக்காது, இருந்தாலும் வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்குக் கீழ் என்று மறைவான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். துணியை விலக்கித் தேடினால்தான் தெரியும். டாக்டரிடம் கூச்சப்பட்டுக் காட்டாமல் விடுகிறவர்கள் நிறைய. இதற்கான டாக்ஸிசைக்ளின் என் கடையில் மிக மலிவாக விற்கும் மாத்திரைகளில் ஒன்று. தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது, வேலூர் சி.எம்.சி. தலைமையில் 794 நோயாளிகளிடம் நடந்தது அது.

ஆகவே 'ஸ்டீராய்டு போடலாமா' என்று டாக்டரைக் கேட்பதற்கு முன், 'டைஃபஸ் பார்த்தாச்சா சார், டெங்கு பார்த்தாச்சா' என்று கேட்பது புத்திசாலித்தனம். டெங்கு என்றால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. டெங்குவுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். பலவீனமான இதயமோ அதிகத் தண்ணீரைத் தாங்காது, நுரையீரலில் கோத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வந்தால் பாட்டிலை வேகமாக ஓடவிடச் சொல்லி நர்ஸை நெருக்காதீர்கள்.

செந்தேள் கொட்டினாலும் இதயத் தசை அடிபடும். அது அழற்சி என்பதைவிட விஷத்தால் உடலில் பொங்கும் ஹார்மோன்களின் தாக்கம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த டாக்டர் இம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டு இந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். சிற்றூர் டாக்டர் ஒருவரின் கவனிப்பு உலகப் பாடப் புத்தகத்துக்குள் போன கதை என்பதால் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

தடுப்பூசிதான் காரணமா என்று கேட்காதவர் இல்லை. இளைஞர்களிடம், குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பின், இதயத் தசை அழற்சி கூடியதாகத் தெளிவாகப் பதிவானது ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளில். நம்மூரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும்; இரண்டும் அந்த வகை இல்லை. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரையும் அவர்களோடு ஒப்பிட 2,916 பேரையும் எடுத்துக்கொண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) செய்த ஆய்வில், தடுப்பூசியால் திடீர் மரண ஆபத்து கூடவில்லை. கோவிட்டுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம், அளவு மீறிய குடி, அதற்கு முந்தைய இரண்டு நாளில் செய்த கடும் உடலுழைப்பு ஆகியவையே மரணத்தோடு தொடர்பு காட்டின.

எம்.ஆர்.ஐ.யும் பயாப்சியும்

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். அந்தக் கேள்விக்குறியை அழிக்க இரண்டு வழி. ஒன்று, வெளியிலிருந்து படம் எடுப்பது. இன்னொன்று, உள்ளே போய்த் தசையில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்பது.

கார்டியாக் எம்.ஆர்.ஐ. என்பது மூளைக்கோ முதுகுக்கோ எடுப்பதுபோல் படுத்துத் தூங்கிவிட்டு வரும் வேலை இல்லை. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் குழாய்க்குள் இருக்க வேண்டும். காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் 'மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க' என்று குரல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் மூச்சைச் சில நொடி அடக்கினால்தான் துடிக்கிற இதயம் கலங்காமல் படத்தில் விழும். நடுவில் கையில் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, சில நிமிடம் காத்திருந்து மறுபடி எடுப்பார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முன்பே கிரியாட்டினின் பார்ப்பது இதற்காகத்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரால், படுக்கவே முடியாதவரால், வென்டிலேட்டரில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ.யின் பெரிய பலவீனமே இதுதான்: மிகவும் தேவைப்படுகிற நோயாளிக்கு அது எட்டுவதில்லை.

எட்டுகிறவர்களுக்கோ மிக அழகாக வேலை செய்கிறது. காடோலினியம் அடிபட்ட தசையில் தேங்கி வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பு என்றால் அந்த வெள்ளை இதயச் சுவரின் உள்பக்கத்திலிருந்து தொடங்கும், ஒரு குறிப்பிட்ட ரத்தக் குழாயின் எல்லைக்குள் நிற்கும். அழற்சி என்றால் பெரும்பாலும் சுவரின் வெளிப்பக்கத்திலோ நடுவிலோ திட்டுத் திட்டாக இருக்கும். ஆஞ்சியோ சுத்தம், ஆனால் டிரோபோனின் ஏற்றம் என்ற குழப்பத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. கனடாவின் லேக் லூயீஸில் கூடிய நிபுணர்களின் பெயரால் 2009-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்ட அளவுகோல் இரண்டு தடயம் கேட்கிறது: தசையில் நீர்க்கோப்பு ஒன்று, தசை சேதம் இன்னொன்று. நீர்க்கோப்பு நாளாக நாளாக வற்றிவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் பணத்துக்குப் பலன். மூன்று மாதம் கழித்து 'எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ.' என்று எடுத்துவிட்டு அழற்சி இல்லை என்று சந்தோஷப்படுவதில் அர்த்தம் குறைவு. அப்போது தெரிவது பெரும்பாலும் தழும்பு மட்டுமே.

அந்தத் தழும்பும் பேசும் என்பது வேறு விஷயம். பம்பிங் நன்றாக இருந்த 386 பேரை வைத்து இத்தாலியில் செய்த ஆய்வு ஒன்று, இதயத்தின் முன் நடுச்சுவரில் தழும்பு விழுந்தவர்களுக்குப் பின்னாளில் தொல்லை அதிகம் என்று 2017-இல் சொன்னது. ரிப்போர்ட்டில் நடுச்சுவரைக் குறிக்கும் 'செப்டம்' என்ற சொல் இருந்தால் டாக்டர் புருவத்தைச் சுருக்குவதற்கு இதுதான் காரணம்.

பயாப்சி பழைய சங்கதி. 1962-இல் ஜப்பானில் சகாகிபாராவும் கொன்னோவும் ரத்தக் குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தும் சிறு கவ்வியை உருவாக்கினார்கள். இன்றும் அடிப்படை அதுதான். கழுத்து நரம்பிலோ தொடை நரம்பிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, கம்பிபோன்ற குழாயை இதயத்தின் வலது அறை வரை செலுத்தி, நுனியிலுள்ள கவ்வியால் ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார்கள். ஆள் விழித்திருப்பார். கவ்வி தசையைத் தொடும்போது மானிட்டரில் ஒன்றிரண்டு துடிப்பு தாறுமாறாக வரும். கைதேர்ந்த இடங்களில் பெரிய ஆபத்து நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கும். இதயச் சுவர் துளைபட்டு ரத்தம் சூழ்ந்துகொள்வதுதான் அதில் பயங்கரம்.

இவ்வளவு துணிந்து எடுத்தாலும் பதில் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. அழற்சி தசை முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. உப்புமாவில் முந்திரி மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும்; கவ்வி எடுத்த கரண்டியில் அது விழாமலே போகலாம். 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 2,233 பேருக்கு பயாப்சி செய்து பார்த்ததில் 214 பேருக்குத்தான், அதாவது பத்தில் ஒருவருக்குத்தான், திசுவில் அழற்சி உறுதியானது. பார்த்த அளவுகோலும் அன்று கறாராக இருந்தது. இன்று சாயமிட்டு எதிர்ப்புச் செல்களை எண்ணும் முறையும் வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் முறையும் சேர்ந்திருப்பதால் நிலைமை மேம்பட்டிருக்கிறது. கிள்ளியது வீணாகும் வாய்ப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை.

பிறகு எதற்கு பயாப்சி? அது ஒன்றுதான் 'எந்த வகை' என்று சொல்லும். ராட்சத செல் அழற்சி என்று ஓர் அரிய வகை இருக்கிறது. 1997-இல் தொகுக்கப்பட்ட 63 நோயாளிகளில், அறிகுறி தொடங்கியதிலிருந்து இறப்பு அல்லது இதய மாற்று வரை இடைநிலைக் காலம் ஐந்தரை மாதம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கூட்டாகப் பெற்றவர்களுக்கு அது 12.3 மாதமாக இருந்தது. பெறாதவர்களுக்கு வெறும் 3 மாதம். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து 'இது அந்த வகை' என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அமெரிக்க, ஐரோப்பிய இதயச் சங்கங்களின் 2007 கூட்டறிக்கை பயாப்சியை இரண்டு சூழலுக்கு உறுதியாகப் பரிந்துரைத்தது. இரண்டு வாரத்துக்குள் காரணம் தெரியாமல் இதயம் செயலிழந்து ரத்த ஓட்டமே ஆட்டம் காண்பவர்கள் ஒன்று. இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் இதயம் விரிந்து, ஆபத்தான துடிப்புக் கோளாறோ இதய அடைப்போ சேர்ந்தவர்கள், அல்லது வழக்கமான மருந்துக்கு ஒன்றிரண்டு வாரமாகியும் அசையாதவர்கள் இன்னொன்று. அடைப்பு என்றால் இங்கே ரத்தக் குழாயில் இல்லை. துடிப்பைக் கடத்தும் மின்பாதையில்.

என் கணக்கு நேரானது. நெஞ்சுவலி மட்டும், பம்பிங் சரி, துடிப்பு சரி என்றால் எம்.ஆர்.ஐ. போதும், அதையும் உள்ளூரில் நிலைமை தேறிய பிறகு நிதானமாக, அந்த இரண்டு மூன்று வாரக் கெடுவுக்குள் எடுத்தால் போதும். பம்பிங் சரிந்து நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் எம்.ஆர்.ஐ.க்கு வரிசையில் நிற்காமல், பயாப்சி செய்யக்கூடிய இடத்துக்குப் போவதுதான் முறை. இடையில் இருக்கும் சாம்பல் நிறப் பகுதியில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை. ஐரோப்பியர்கள் 2013-இல் பயாப்சிக்குத் தாராளமாகவே கதவைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் இழுத்துப் பிடித்தார்கள். நான் இழுத்துப் பிடிப்பவர்கள் பக்கம். கவ்வியைப் பிடிக்கும் கைக்குப் பழக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே நூற்றில் ஒருவர் என்ற ஆபத்து அந்த அளவிலேயே நிற்கும்.

ஸ்டீராய்டு ஊசி

தெருக் கட்சியின் வாதத்தில் தர்க்கம் இல்லாமல் இல்லை. எதிர்ப்புச் செல்கள் தசையை அடிக்கின்றன, ஸ்டீராய்டு அவற்றை அடக்கும், ஆகவே கொடு. இதைத்தான் மேலே சொன்ன 1995 ஆய்வு சோதித்துப் பார்த்தது. பம்பிங் 45-க்குக் கீழே இருந்த, பயாப்சியில் உறுதியான 111 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டோடு இன்னொரு அடக்கு மருந்தும் 24 வாரம் கொடுத்தார்கள். 28-ஆவது வாரத்தில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி பம்பிங் 25-இலிருந்து 34-க்கு ஏறியிருந்தது. ஆனால் மருந்து பெற்ற பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் பேர் சொல்லும் வித்தியாசம் இல்லை, இறப்பிலும் இல்லை. 'ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்தார்' என்பதற்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது: ஊசி போடாதவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2009-இல் ரோமில் 85 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் இதயப் பலவீனம் நீடித்து, பயாப்சியில் வைரஸ் இல்லை என்று உறுதியானவர்களுக்கு மட்டும் ஸ்டீராய்டும் அசதயோப்ரின் என்ற அடக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 43 பேரில் 38 பேருக்குப் பம்பிங் உயர்ந்தது. பெறாதவர்களில் ஒருவருக்கும் உயரவில்லை. இரண்டு ஆய்வையும் அருகருகே வைத்தால் முரண்போல இருக்கும், முரண் இல்லை. முதலாவதில் வந்தவர்கள் அனைவரும் உள்ளே. இரண்டாவதில் வைரஸ் விலகி, எதிர்ப்பாற்றல் மட்டும் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தவர்கள். வைரஸ் பெருகும் நேரத்தில் காவலை அடக்குவதும், வைரஸ் போன பிறகு அடங்காத காவலை அடக்குவதும் ஒன்றாகாது. அந்த இரண்டாம் கூட்டத்தில் நம் பையன் இருக்கிறானா என்று பயாப்சி இல்லாமல் தெரியாது.

ராட்சத செல் வகை, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவியும் வகை, உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் சார்க்காய்டோசிஸ் நோய், புற்றுநோய்க்கான சில புதிய எதிர்ப்பாற்றல் மருந்துகளால் வரும் அழற்சி ஆகியவற்றில் ஸ்டீராய்டு தயங்காமல் தரப்படுவது. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் மிக ஏறியிருந்தால் டாக்டர் உடனே ஸ்டீராய்டு பக்கம் போவார்; அப்போது இந்தக் கட்டுரையைக் காட்டி மல்லுக்கு நிற்க வேண்டாம். தொடக்கத்திலேயே இதயம் செயலிழந்து வருகிறவர்களுக்கு முதல் மூன்று நாள் தினம் ஒரு கிராம் மெத்தில்பிரட்னிசலோன் கொடுத்தால் பலனுண்டா என்பதைப் பார்க்க மிலானை மையமாகக் கொண்டு பல நாடுகளில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். திட்டமிட்ட எண்ணிக்கை 288 பேர். உயிருக்குப் போராடும் நிலையில் அனுபவமுள்ள டாக்டர் அந்த ஊசியைப் போட்டால் அதற்கு நியாயம் இருக்கிறது. பம்பிங் 60 இருக்கும் பையனுக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதித் தரும் சீட்டுக்குத்தான் நியாயம் இல்லை. அப்படிப்பட்ட சீட்டுகள் என் கடைக்கு வந்திருக்கின்றன. எழுதியவரிடம் போன் போட்டுக் கேட்டால், "நீங்க மருந்தைக் குடுங்க" என்று பதில் வரும்.

பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 62 பெரியவர்களிடம் செய்து 2001-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. விலையோ ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காலிசெய்யக்கூடியது. நகையை அடகு வைக்கச் சொன்னால் இரண்டாவது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். அனாகின்ரா என்ற புதிய அழற்சி எதிர்ப்பு ஊசியைப் பிரான்சில் 120 பேரிடம் சோதித்து 2023-இல் முடிவை அறிவித்தார்கள்; அதிலும் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை.

வலி மாத்திரை என் துறை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். காக்சாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளில் இந்த வகை மருந்துகள் அழற்சியைக் கூட்டியிருக்கின்றன. இதய உறையும் சேர்ந்து வீங்கி, பம்பிங் சரியாக இருந்தால் டாக்டரே அளவோடு தருவார், அது வேறு. பம்பிங் குறைந்தவர்களுக்கு உண்மையில் வேலை செய்வது எந்தப் பரபரப்பும் இல்லாத இதயப் பலவீன மாத்திரைகள்தான். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டு, நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தாமல் இருப்பதுதான் அங்கே கடினமான பகுதி.

கடலூரா, கோரிமேடா, சென்னையா?

சிக்கல் இல்லாத வகைக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, மானிட்டரும் இதய டாக்டரும் உள்ள தனியார் இடமோ, தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போதும். பெயருக்காக ஊர் மாற வேண்டாம்.

சிக்கலான வகை என்றால் கடலூரில் தங்குவது தப்பு. அங்கிருந்து ஜிப்மர் 25 கிலோமீட்டர் சொச்சம். தூரம் ஏமாற்றும், ஏனென்றால் ஜிப்மர் இருக்கும் கோரிமேடு புதுச்சேரியின் மறுகோடியில் இருக்கிறது. கன்னியக்கோவில், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று வந்து, இந்திரா காந்தி சிலை சிக்னலையும் ராஜீவ் காந்தி சிலை சிக்னலையும் தாண்டித்தான் போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு அந்த நெரிசலில் ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைப்பது பாடு. சென்னை 180 கிலோமீட்டருக்கு மேல், மூன்றரை மணி நேரமாவது ஆகும். இதயத்தையும் நுரையீரலையும் தற்காலிகமாக ஏற்று நடத்தும் எக்மோ இயந்திரமும், இதய மாற்று வரை போகும் வசதியும் வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைதான்.

துடிப்புக் கோளாறு இருப்பவரை நேரே சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வழியில் துடிப்பு தடுமாறினால் திண்டிவனம் சாலையில் என்ன செய்வது? முதலில் ஜிப்மர் அவசரப் பிரிவு. அங்கே நிலைப்படுத்தி, தேவையென்றால் தற்காலிக பேஸ்மேக்கர் வைத்து, பிறகு அவர்கள் சொன்னால் சென்னை. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் வேலையை இந்த நோய்க்குச் செய்யாதீர்கள். பரிந்துரைக் கடிதம், ஈ.சி.ஜி. தாள்கள், எக்கோ ரிப்போர்ட், ஆஞ்சியோ சி.டி. நான்கையும் கையோடு கொண்டுபோய் அவசரப் பிரிவில் காட்டுங்கள். சி.டி.யை விட்டுவிட்டுப் போய் இன்னொரு முறை ஆஞ்சியோவுக்குப் படுத்தவர்கள் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் எதற்குச் செல்லும் என்பதை வண்டி ஏறும் முன் ஒருவர் போனில் கேட்டுவைப்பது நல்லது. எல்லாரும் வண்டியில் ஏறிக்கொள்வதைவிட ஒருவர் இறங்கி அந்த வேலையைப் பார்க்கலாம்.

எப்போது ஓடலாம்?

வீட்டுக்கு வந்த பிறகு கடைசியாக ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது, கடலூரில் அது மிகச் சூடானது. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்திலும் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குப் பழகுகிறவர்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். நோய் வந்த பையன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்றால், "உடம்பு நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பிசிக்கல் வருது" என்பான்.

உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவதை இந்த நோயில் நம்ப முடியாது. 1970-இலேயே காக்சாக்கி பி3 வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்த வைத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்த எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது, சாவும் கூடியது. மனிதர்களில் பயம் துடிப்புக் கோளாறைப் பற்றியது: ஆறாத தழும்பைச் சுற்றி மின்னோட்டம் சுழன்றால் ஓடிக்கொண்டிருப்பவர் அப்படியே விழலாம். ஆகவே 3 முதல் 6 மாதம் கடும் உழைப்பு கூடாது என்பதே நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை. 2025-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் குறைந்தது ஒரு மாதம் என்று தொடங்கி, பிறகு ஆளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. இந்தத் தளர்வு மறு எம்.ஆர்.ஐ. வரை பரிசோதித்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கு ஏற்றது. அந்த வசதி கைக்கெட்டாத நம் பையன்களுக்குப் பழைய மூன்று மாதத்தையே நான் சொல்வேன், தழும்பு இருந்தால் ஆறு. வலை இழுப்பதும், சிப்காட்டில் மூட்டை தூக்குவதும், பொங்கல் கபடியும் ஓட்டத்தோடு சேர்த்திதான். கடையில் உட்காருவதும் மெதுவாக நடப்பதும் இந்தத் தடையில் சேராது.

கெடு முடிந்ததும் நான்கு தாள்கள் கையில் இருக்க வேண்டும்: டிரோபோனின் இறங்கியிருக்கிறது, எக்கோவில் பம்பிங் சரி, 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியில் தாறுமாறான துடிப்பு இல்லை, டிரெட்மில்லில் ஓடியும் ஒன்றும் வரவில்லை. நான்கும் கடலூரிலோ புதுச்சேரியிலோ எடுக்கக்கூடியவை. அதன் பிறகும் முதல் வாரம் நடை, அடுத்த வாரம் மெதுவோட்டம் என்றுதான் ஏற வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஓர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும்.